பெரியவள் வண்டி எடுக்கும் நாள்

சென்ற வாரம் சின்னவளைப் பாதிப் படியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். ஓரிடத்தில் நிற்கிற ரகம் இல்லை அவள். சீக்கிரம் போய்ச் சேர்ந்துகொள்வோம்.

மாடியில் தூங்கும் அக்காவை எழுப்பப் போனவள் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தாள். போர்வை மடித்திருந்தது. செல்போன் தலையணை மேல் கிடந்தது. குளியலறையிலும் இல்லை, மொட்டை மாடியிலும் இல்லை. அதுவும் எந்த நாளில்? வீடே ஒரு வருஷமாக வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த நாளில்.

இன்று மதியம் நரம்பு டாக்டர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். பெரியவள் மறுபடியும் பஸ் ஓட்டலாம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவள் நகரப் பேருந்து ஓட்டுநர். கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம், தினமும் அத்தனை பேரை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறேனே, அந்தக் குடும்பம் போதாதா என்று கேட்டு வாயை அடைப்பவள். ஒரு விடுமுறை நாளில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அடுத்த மாதம் மார்க்கெட்டில் மறுபடியும். வலிப்பு நோய் என்றார்கள். டெப்போ வண்டியை வாங்கிக்கொண்டு, பயணிகள் விட்டுப்போன சாமான்களைக் காக்கிற அறையில் அவளை உட்கார வைத்தது. முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் வேறொன்று கொடுத்தார். அதற்குப் பிறகு வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் சுத்தமாக இருந்தால் வண்டி திரும்பக் கிடைக்கும் என்பது விதி. அந்த வருஷம்தான் இன்றைக்கு முடிகிறது.

வலிப்பு போய்விட்டது. கூடவே அக்காவின் சிரிப்பும் போயிருந்தது. ஞாயிறு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தட்டில் போட்டதில் பாதியை அப்படியே எடுத்துப் போனாள். மாத்திரையின் அசதி, வெயிலின் அலுப்பு, வண்டி கையில் வந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சின்னவளிடமும் ஒன்று இருந்தது: பயம்.

கீழே முன்னறையில் அப்பா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தையற்காரர். அன்றைய வேலையையெல்லாம் மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். மாலையில் டெப்போவையே வீட்டுக்கு அழைத்திருந்தார். பஸ் வடிவத்தில் ஒரு கேக்குக்குச் சொல்லி, சக்கரத்தின் நிறம் பற்றி பேக்கரிக்காரருடன் போனில் ஒரு சண்டையும் போட்டு முடித்திருந்தார்.

பெரியவள் எழுந்துவிட்டாளா என்று அவர் கேட்டார். சின்னவளின் வாய் தன்பாட்டுக்குப் பொய் சொன்னது. அக்கா குளிக்கிறாள். தனக்குத்தான் சலூனில் தலைபோகிற அவசரம், ஒரு கல்யாணப் பெண் எங்கேயோ மட்டமான சாயம் அடித்துக்கொண்டு பச்சைத் தலையோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். அப்பா அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சின்னவள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.

அவள் முடி வெட்டும் சலூன் பூட்டிக் கிடந்தது. அக்கா முன்பு நீந்தப் போகும் குளத்தில் தொப்பி போட்ட சிறுமிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட் முனையில் அவள் விழுந்த இடத்தில், தர்பூசணி விற்பவர் எப்போதும் போலக் கூவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் இல்லை என்று ஆனபோது சின்னவளுக்கு ஆற்றுப் பாலம் ஞாபகம் வந்தது. வந்த நினைப்பை அவள் துரத்தினாள். அது போகவில்லை. பாலத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் டெப்போ பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

டெப்போவில் அக்காவின் பழைய வழித்தட வண்டியின் கண்ணாடியை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த வண்டியை ஓட்டுகிறவர். ஒரு ஷிப்ட் முழுக்க இரண்டு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் டெப்போவில் அவருக்கு சைலன்ஸர் என்று பெயர். சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் மோவாயால் சாமான் அறையைக் காட்டினார்.

"காலைலயே வந்துட்டா. எதுவும் சாப்பிடல" என்றார். அவர் அளவில் அது ஒரு மேடைப் பேச்சு.

சின்னவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று கதவைத் தள்ளினாள். கேட்க முடியவில்லை. உள்ளே ஒரு பெரியவர் பல்செட்டைத் தேடி வந்திருந்தார்.

குடைகள் கூரை வரை அடுக்கியிருந்த அறை அது. அதனால்தான் பெரியவளுக்கு அங்கே குடையக்கா என்று பெயர் விழுந்திருந்தது. ஒற்றைச் செருப்புகள், ஒரு கிடார், யாரும் கேட்டு வராத தையல்கடைப் பொம்மை ஒன்று. பெரியவள் மேஜை மேல் மூன்று பல்செட்டுகளை வரிசையாக வைத்து எது அவருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார் அவர். கழுவிவிட்டுப் போட்டுப் பாருங்கள் என்று குழாயைக் காட்டினாள். முதல் செட்டில் அவர் வாய் மூடவில்லை. இரண்டாவதில் குதிரை மாதிரி ஆனார். மூன்றாவதைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்ற சின்னவளைப் பார்த்து ஈயென்று இளித்தார். சின்னவள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

பெரியவள் சிரிக்கவில்லை. பதிவேட்டை அவர் பக்கம் தள்ளி, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினாள். முன்பெல்லாம் இப்படி ஒரு சங்கதி நடந்தால் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டுவாள். குதிரைப் பல் கட்டத்தை மட்டும் மூன்று தடவை நடித்திருப்பாள்.

அவர் போனதும் சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேரமாகிறது, அப்பா இஸ்திரி போட்டு முடித்திருப்பார், கிளம்பு என்றாள்.

"நான் வரலடி" என்றாள் பெரியவள்.

பயமா, ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது வந்துவிடுமோ என்றா என்று கேட்டாள் சின்னவள். பெரியவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அவங்க கையெழுத்துப் போட்டுட்டா நான் சந்தோஷப்படணும். அப்பா, நீ, டெப்போ ஆளுங்க, எல்லாரும் என் மூஞ்சியையே பார்ப்பீங்க. என்கிட்ட அது இல்லடி. நானும் தேடிப் பார்த்துட்டேன்."

"களைப்பா இருக்கும்கா."

"களைப்பு இல்ல. களைப்புன்னா தூங்கினா போகும். இது காலைல கண்ணு முழிக்கும்போதே இருக்கு. எதுக்கு முழிச்சோம்னு இருக்கு."

சின்னவளுக்கு நாலு பேர் பேச்சை ஒருத்தியே பேசத் தெரியும். தலைமுடி வெட்ட உட்கார்ந்தவர்கள் தங்கள் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் எழுவார்கள். கேட்கக்கூடாத கேள்வியைக் கூடக் கூசாமல் கேட்டுப் பழகியவள். இதையும் கேட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதா?"

வெளியே ஒரு பஸ் ஏர் பிரேக்கை விட்டுப் பெருமூச்சு விட்டது.

"ஏதாவது பண்ணிக்கணும்னு இல்ல" என்றாள் பெரியவள். "இல்லாம இருந்தா நல்லா இருக்குமேன்னு. அவ்ளோதான். ரொம்ப நாளா."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள் சின்னவள். பெரியவள் தொடர்ந்தாள். தன் கைக்கு வண்டி வந்தால் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். இருந்தால் என்ன, போனால் என்ன என்று நினைக்கிற ஒருத்தியை நம்பி எப்படி உட்காருவார்கள்? டாக்டரிடம் சொன்னால் கையெழுத்துப் போய்விடும். சொல்லாவிட்டால் ராத்திரி முழுக்க வண்டிச் சாவி உறுத்தும். அதனால்தான் வரவில்லை என்கிறாள்.

சொல்லிவிடுவோம், நான் சொல்கிறேன், நீ சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சின்னவள் எழுந்தே விட்டாள். பெரியவள் அவள் கையை விடவில்லை.

"நீ சொல்லக் கூடாது. வந்தா நான்தான் சொல்லுவேன். வாய் வரலன்னா சொல்லாம எழுந்து வந்துடுவேன். அப்பவும் நீ வாயைத் திறக்கக் கூடாது. சரின்னா வரேன்."

சின்னவளின் ஆயுளில் அதைவிடக் கஷ்டமான சத்தியத்தை யாரும் கேட்டதில்லை. சரி என்றாள்.

ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிப் பாதையில் பாதி தூரம் போவதற்குள் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய் வேலை. சந்து வழியாகப் போனால் சந்தில் ஒரு லாரி. இந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். சின்னவள் ஸ்கூட்டரை ஒரு பழக்கடை வாசலில் சாத்திவிட்டு, கடைக்காரரிடம் எதையோ கத்திவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மாற்றுப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்த பஸ் அவர்களைப் பார்த்ததும் நின்று கதவைத் திறந்தது. சைலன்ஸர். நிறுத்தம் இல்லாத இடத்தில் அவர் நிறுத்தியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

நோய் வந்த பிறகு பெரியவள் பஸ்ஸில் ஏறியதே இல்லை. வேலைக்கு நடந்துதான் போவாள். இன்றைக்கு முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் போன சைக்கிள்காரர் சட்டென்று குறுக்கே வளைந்தபோது, அவள் வலது கால் பிரேக்கை மிதிப்பது போலத் தரையை அழுத்தியதைச் சின்னவள் பார்த்தாள். அடுத்த சிக்னலிலும் அழுத்தியது. அக்காவுக்கு அது தெரியவில்லை. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போய் உள்ளே நுழைந்தார்கள்.

டாக்டரம்மா நல்லவர். ஆனால் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தைப் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். கம்ப்யூட்டரில் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே கேட்டார். வலிப்பு வந்ததா? இல்லை. கண் சொருகல், நினைவு தப்பல்? இல்லை. மாத்திரை ஒரு வேளையாவது தவறியதா? தவறவில்லை. அருமை என்றார். எல்லா நோயாளிகளும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது என்று சிரித்தார். போக்குவரத்துத் துறையின் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

பேனா மூடியைத் திறந்தார்.

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த நாக்கு உப்புக் கரித்தது. அக்காவைப் பார்த்தாள். பெரியவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா தேதியை எழுதினார். சின்னவள் தன் உள்ளங்கையை வாய்மேல் வைத்து அழுத்தினாள். பேனா கையெழுத்துக் கோட்டுக்கு இறங்கியது.

"டாக்டர், நான் நல்லா இல்ல."

பேனா நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"வலிப்பு வந்துச்சா?"

"இல்ல. வலிப்பு இல்லாமலே நல்லா இல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடினார். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நாற்காலியைப் பெரியவள் பக்கம் திருப்பினார். வாசலில் இருந்த நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததையெல்லாம் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு பிடித்தது எதுவாவது இப்போது பிடிக்கிறதா, அழுகை வருகிறதா, அதுகூட வருவதில்லையா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா? பெரியவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சில பதில்களைச் சின்னவளும் அப்போதுதான் கேட்கிறாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டபோது பெரியவளுக்குத் தெரியவில்லை. மெதுவாக இருட்டியதில் எப்போது இருட்டியது என்று சொல்ல முடியவில்லை. அவள் தங்கையைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த ஒரு அசைவில் சத்தியம் அவிழ்ந்தது. சின்னவள் அணை உடைந்த மாதிரி பேசினாள். மாதாமாதம் சலூனுக்கு வந்து முடி வெட்டிக்கொள்பவள் மாத்திரையை மாற்றியதற்கு அடுத்த மாதம் வரவில்லை, அதற்குப் பிறகு வரவே இல்லை, நானேதான் வீட்டில் பிடித்து உட்கார வைத்து வெட்டிவிட்டேன், அதற்கு முன்னாலும் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தாள், ஆனால் இப்படி இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

டாக்டரம்மா சொன்னதை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். வலிப்பு உள்ளவர்களில் நிறையப் பேருக்கு மனச்சோர்வும் வருகிறது. பஸ் போன வருத்தம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. வலிப்பு கிளம்புகிற அதே மூளைக்குள்தான் இதுவும் கிளம்புகிறது. போதாக்குறைக்கு, வலிப்பை நன்றாகக் கட்டிப்போடுகிற மாத்திரையே சிலருக்கு மனசை இப்படி அமுக்கிவிடும். உனக்கு அதுவாகவும் இருக்கலாம். இது குணத்தில் உள்ள கோளாறு இல்லை. வைத்தியம் உண்டு.

"நான் ஒவ்வொரு தடவையும் எத்தனை வலிப்புன்னு கேட்டேன். நீ எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கணும்" என்றார்.

மாடியில் இருக்கும் மனநல மருத்துவருக்கு அப்போதே போன் செய்து, இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று சொன்னார். மாத்திரையை மெல்ல மெல்ல மாற்றலாம், ஆனால் நீயாக ஒருநாள்கூட நிறுத்திவிடக் கூடாது, சட்டென்று நிறுத்தினால் வலிப்பு பாய்ந்து வரும் என்று எச்சரித்தார். பிறகு, மேஜையில் விரித்திருந்த காகிதத்தை மடித்தார். மாத்திரை மாறும் காலத்தில் வண்டி ஓட்ட முடியாது. புது மாத்திரை நிலைக்கும் வரை பொறுக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று இப்போது சொல்வதற்கில்லை. சில மாதங்கள்.

பெரியவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சறுக்கிச் சுவரில் இடித்தது.

"நான் ஒரு வேளை தவறவிட்டதில்ல. நீங்க குடுத்ததைத்தான் போட்டேன். நீங்க சொன்னபடிதான் இருந்தேன். குடைக்கு நடுவுல ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போ அந்த மாத்திரைதான் என்னை இப்படிப் பண்ணுச்சுன்னா, அதுக்கு நான் எதுக்குக் காத்திருக்கணும்? எனக்கு என் வண்டி வேணும்."

குரல் கதவைத் தாண்டிப் போனது. வெளியே கூட்டத்தின் சலசலப்பு அடங்கியது. நர்ஸ் தலையை நீட்டிப் பார்த்தாள்.

சின்னவளுக்குப் பயம் வரவில்லை. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. குறுக்கே வந்த ஆட்டோக்காரரை ஜன்னல் வழியாகத் திட்டுகிற குரல். கூடப் பிறந்தவளின் சொந்தக் குரல். எழுந்து கைதட்டலாமா என்றிருந்தது. இந்த அறையில் அது நன்றாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தாள்.

"வேணும்னு சொன்னே பாரு" என்றார் டாக்டரம்மா. "அதை மாடியில போயும் சொல்லு. கோபம் நியாயமானது. கையெழுத்து மட்டும் இன்னைக்கு இல்ல."

பெரியவளுக்கே தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டாள். வந்த கோபம் வந்த வழியே போய், முகம் பழையபடி வெளிறியது. ஒரு கோபத்தில் நோய் குணமாகி விடுமா என்ன? ஆனால் வந்தது என்பது பொய் இல்லை. அதற்கு இரண்டு சாட்சிகள் இருந்தார்கள்.

மாடி மருத்துவர் நிதானமான மனிதர். அவரிடம் வெகுநேரம் பேசினாள். அந்த நினைப்பு வரும்போது யாரைக் கூப்பிடுவாய் என்று அவர் கேட்டபோது, யோசிக்காமல் தங்கையைக் காட்டினாள். எந்த நேரமானாலும், சலூனில் ஒருவர் தலை பாதி வெட்டிக் கிடந்தாலும், போனை எடுப்பேன் என்று சின்னவள் வாக்குக் கொடுத்தாள். அப்படியானால் போனைத் தலையணையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். மருத்துவர் அதை ஆமோதித்தார்.

வீடு திரும்பும்போது சாயங்காலம். தெருமுனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா கேக்கையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு கல்யாண வீடு மாதிரி ஆக்கியிருந்தார். மெக்கானிக்குகள், டிக்கெட் பரிசோதகர்கள், டெப்போ மேனேஜர், ஷிப்ட் முடித்து வந்த சைலன்ஸர். அப்பா வாசலுக்கே ஓடி வந்தார். எங்கே காகிதம் என்று கை நீட்டினார்.

சின்னவள் வாயெடுத்தாள். பெரியவள் அவளைத் தோளில் தொட்டு நிறுத்தினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளே சொன்னாள். வலிப்பு இல்லை, ஆனால் ரொம்ப நாளாக மனசு செத்துக் கிடக்கிறது, அதுவும் இந்த நோயோடு சேர்ந்ததுதான், மாத்திரையை மாற்றப் போகிறார்கள், வண்டி இப்போது இல்லை.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆசை அவரை முந்திக்கொண்டது.

"யாருக்கும்மா மனசு நல்லா இருக்கு? கையெழுத்தை வாங்கிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்கு வலிப்பு நின்னா போதும்பா" என்றாள் பெரியவள். "எனக்கு அது போதாது."

அப்பா போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். வழக்கமாக அங்கே உட்கார்ந்தால் கால் தானாக மிதிக்கும். இப்போது அசையவில்லை. பக்கத்தில் ஹேங்கரில் தொங்கிய சீருடையின் இடுப்புப் பட்டையை விரலால் நீவினார்.

"ரெண்டு தடவை இடுப்பைப் பிடிச்சுத் தைச்சேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இளைச்சு அழகாயிட்டேன்னு சொன்னேன். ஏன் இளைச்சேன்னு கேட்கல."

பெரியவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணுக்குச் சாக நினைப்பு வந்ததை அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று சின்னவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மேனேஜர்தான் தொண்டையைச் செருமினார். உண்மையைச் சொன்னால் தனக்கு இது நிம்மதிதான் என்றார். குடையக்கா போய்விட்டால் அந்தப் பல்செட்டுகளை யார் பார்த்துக்கொள்வது என்று தூக்கமே வரவில்லையாம். ஒரு மெக்கானிக் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று அறிவித்து, கத்தியை எடுத்தார். பஸ்ஸுக்கு யார் முதல் வெட்டு போடுவது என்று மெக்கானிக்குகளுக்குள் தகராறு வந்தது. என்ஜினை யாரும் தொடக்கூடாது என்றார் ஒருவர். சத்தம் பழையபடி ஏறியது.

பெரியவள் ஒரு துண்டை வாங்கினாள். பாதி சாப்பிட்டாள். மீதியைச் சின்னவளின் தட்டில் வைத்துவிட்டு, மூச்சு முட்டுகிறது, வெளியே கொஞ்சம் உட்காருகிறேன் என்று வாசல் படிக்குப் போனாள். சின்னவள் சும்மா இருப்பாளா? பின்னாலேயே போனாள்.

அங்கே சைலன்ஸர் நின்றுகொண்டிருந்தார். கையில் தொடாத கேக் தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. இருவரையும் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். மறுபடியும் பெரியவளைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட சொன்னதும் என்ன சொன்னாங்க? திட்டினாங்களா?"

"இல்லண்ணா. நான்தான் திட்டினேன்."

அவர் தலையாட்டினார். தட்டைப் படிச் சுவரில் வைத்தார். திரும்ப எடுத்தார்.

"எனக்கும் வருது" என்றார்.

பெரியவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனசு இப்படிக் கிடக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டும். வலிப்பும்."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியும்ணா?" என்றாள் பெரியவள்.

"இப்போ உங்க ரெண்டு பேருக்கு."

"நாளைக்கு முதல் வண்டி யாருது?"

அவர் தரையைப் பார்த்தார். இந்த வாரம் முழுக்க முதல் வண்டி அவருடையதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

பெரியவள் படியில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். சைலன்ஸர் உட்காரவில்லை. உள்ளே இருந்து மேனேஜரின் சிரிப்புச் சத்தம் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. சைலன்ஸர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.